எலி காட்டிய வழி

வலிக்கு ஒரு பெயர் கிடைத்துவிட்டால் பாதி குணமானது போல் ஒரு நினைப்பு! இடுப்பில் கிளம்பி, தொடை வழியாகக் கணுக்கால் வரை மின்சாரம் போல் பாய்ந்த என் வலிக்கு, "சையாட்டிகா" என்று டாக்டர் பெயர் சூட்டினார். மாத்திரையை எழுதிக் கொடுத்து, "தினமும் நடக்க வேண்டும், அம்மா" என்றார்.

மாத்திரையை மறக்காமல் விழுங்கினேன். நடையைத்தான் மறந்து போனேன். வலிக்கிற காலை யாராவது வேலை வாங்குவார்களோ?

பேரன், "பாட்டி, தூக்கு!" என்று கையை நீட்டுவான். நான் முகத்தைத் திருப்பிக் கொள்வேன். கொஞ்ச நாளில் அவன் கேட்பதையே விட்டுவிட்டான். கால் வலியைவிட அது அதிகமாக வலித்தது.

அந்தச் சமயத்தில்தான் ஆராய்ச்சி மாணவியான என் அண்ணன் பெண் வந்தாள். என் புலம்பலைக் கேட்டுவிட்டு, தையல் பெட்டியிலிருந்து ஒரு நூல்கண்டை எடுத்தாள்.

"அத்தை, நம் ஜீன்களும் இப்படித்தான் ஹிஸ்டோன் என்ற கட்டைகளில் சுற்றிக் கிடக்கின்றன. சுற்று இறுகினால் அதிலுள்ள குறிப்பை உடம்பு படிக்க முடியாது, தளர்ந்தால் படிக்கலாம். நூல் மாறாது, சுற்றுத்தான் மாறும். எபிஜெனிடிக்ஸ் என்பது இந்த மாதிரி மாறுதல்களைத்தான்."

"அதற்கும் என் காலுக்கும் என்னடி சம்பந்தம்?"

ஜப்பானில், வாகயாமா மருத்துவப் பல்கலைக்கழகத்தார் 2016-ல் வெளியிட்ட ஆராய்ச்சியைச் சொன்னாள். சுண்டெலிகளின் இதே நரம்பில் ஒரு பகுதியைக் கட்டி வலி உண்டாக்கி, சிலவற்றை டிரெட்மில்லில் ஓட விட்டார்களாம். ஓடிய எலிகளுக்கு வலி குறைந்தது. முதுகுத் தண்டில் மைக்ரோக்ளியா என்ற காவல் செல்கள் உண்டு. நரம்பு அடிபட்டால் அவை விழித்துக்கொண்டு வலியை வளர்க்கும். ஓடிய எலிகளின் அந்தச் செல்களில், சுற்றை இறுக்கும் எச்.டி.ஏ.சி.1 என்ற என்ஸைம் குறைந்து, சுற்றுத் தளர்வதற்கான அடையாளம் கூடியிருந்ததாம்.

"நான் என்ன எலியா?" என்றேன்.

"இல்லைதான். ஆனால் அடிபட்ட எலியே ஓடிற்று. டாக்டர் உங்களை நடக்கத்தானே சொன்னார்?"

ரோஷம் வந்துவிட்டது. முதல் நாள் வாசல் கேட் வரை. பத்தாம் நாள் தெருக்கோடி. மூன்று மாதத்தில் பிள்ளையார் கோவில் வரை போய்த் திரும்பினேன். வலி அடியோடு போய்விடவில்லை. ஆனால் வீட்டையே ஆண்டு கொண்டிருந்தது, இப்போது ஒரு மூலையில் உட்கார்ந்திருக்கிறது.

நேற்றுப் பேரன் மறுபடியும், "பாட்டி, தூக்கு!" என்றான். "தூக்குவதெல்லாம் இல்லை, வா, நடக்கலாம்" என்று கையைப் பிடித்துக் கொண்டேன். பிள்ளையாரிடம் போனோம். வழக்கமாக அவரைக் கும்பிடுவேன். நேற்று அவர் காலடியிலிருந்த மூஞ்சூறுக்கும் ஒரு கும்பிடு போட்டேன்!