தாழ்ப்பாள் எந்தப் பக்கம்?

வலது கைக்குத் தமிழில் சோற்றுக்கை என்று பெயர். இடது கைக்குள்ள பெயரை அச்சில் போட்டால் ஆசிரியர் கோபித்துக்கொள்வார்! எங்கள் காஞ்சிபுரத்தில் இந்தப் பாகுபாடு சற்று அதிகம். கோயில் நகரமல்லவா? காமாட்சியம்மன் சந்நிதியில் குங்குமமா, வலது கையை நீட்டு. வரதராஜப் பெருமாள் சந்நிதியில் தீர்த்தமா, வலது கையை நீட்டு. புது மருமகள் வருகிறாளா, வலது காலை எடுத்து வை. புடவை முந்தானையைக்கூட இடது தோளில் போட்டு, வலது கை வேலை செய்ய வழிவிட்டிருக்கிறோம்.

உலகில் நூற்றுக்குச் சுமார் பத்துப் பேர் இடது கைக்காரர்கள். அந்தப் பத்தில் நானும் ஒருத்தி. சாப்பாட்டையும் எழுத்தையும் வீட்டார் வலது கைக்கு மாற்றிவிட்டார்கள். கோலம் போடுவதும், கல்லெறிந்து மாங்காய் அடிப்பதும் இடது கையிலேயே தங்கிவிட்டன. கத்தரிக்கோல்தான் எந்தக் கைக்கும் சொந்தமாகவில்லை. வலது கைக்காகச் செய்த கத்தரிக்கோலை இடது கையில் பிடித்தால், வெட்டவேண்டிய கோட்டை அதன் அலகே மறைத்துக்கொள்ளும். ரவிக்கைத் துணி கோணலாகப் போகும். "இவளுக்குக் கைவேலை வராது" என்று சிறு வயதிலேயே பெயர் வாங்கியாயிற்று.

ஆகவே, சென்னைப் பக்கம் ஒரு துப்பாக்கிச் சுடும் கிளப்பில், இடது கைக்காரர்களுக்கென்றே செய்த புது ரைபிள் வந்திருக்கிறது, யாராவது போய்ப் பார்த்து எழுத வேண்டும் என்றதும், காரியாலயத்தில் நான்தான் முதலில் கையைத் தூக்கினேன். எந்தக் கை என்று சொல்ல வேண்டியதில்லை!

பயிற்சியாளர் முதலில் சாதாரண ரைபிளைக் காட்டினார். "இது போல்ட் ஆக்‌ஷன். பயப்படாதீங்க மேடம், வீட்டுக் கதவுத் தாழ்ப்பாள் மாதிரிதான்" என்றார்.

உண்மையிலேயே தாழ்ப்பாள்தான். குழலின் பின்னால் உருளையான இரும்புத் தண்டு. அதற்கு ஒரு கைப்பிடி. கைப்பிடியை மேலே தூக்கிப் பின்னுக்கு இழுத்தால், சுட்ட தோட்டாவின் வெற்றுக்கூடு வெளியே தெறித்து விழும். முன்னுக்குத் தள்ளினால் அடியிலுள்ள பெட்டியிலிருந்து புதுத் தோட்டா உள்ளே ஏறும். கீழே மடக்கினால் கதவு பூட்டிக்கொள்ளும். அப்புறம் விசையை அழுத்த வேண்டியதுதான்.

சங்கடம் என்னவென்றால், கைப்பிடி வலது பக்கத்தில் இருக்கிறது. வலது கைக்காரர் வலது தோளில் சார்த்தி, இடது கையால் தாங்கிக்கொண்டு, விசையை அழுத்திய கையாலேயே தாழ்ப்பாளையும் இழுத்துவிடுகிறார். நான் இடது தோளில் சார்த்தினேன். ஒவ்வொரு தடவையும் இடது கை துப்பாக்கிக்கு மேலாக அந்தப் பக்கம் பிரயாணம் செய்தது. அதற்கு வழிவிடக் கன்னத்தைக் கட்டையிலிருந்து எடுக்க வேண்டும். கன்னத்தை எடுத்தால் குறி போயிற்று. மறுபடி முதலிலிருந்து ஆரம்பம். ஐந்து தோட்டா சுடுவதற்குள் கழுத்து பிடித்துக்கொண்டது.

"வலது தோளுக்கு மாறிவிட்டால் என்ன?" என்று கேட்டேன்.

"இரண்டு கையையும் நீட்டி, விரல்களுக்கு நடுவே சின்ன ஜன்னல் வைத்து, சுவர்க் கடிகாரத்தைப் பாருங்க. இப்போ ஒவ்வொரு கண்ணாக மூடுங்க" என்றார்.

வலது கண்ணை மூடினேன். கடிகாரம் ஜன்னலிலேயே இருந்தது. இடது கண்ணை மூடினேன். கடிகாரம் ஓடிப்போய்விட்டது! கையைப் போலவே கண்ணிலும் ஒன்று முந்திக்கொள்ளுமாம். எல்லா இடது கைக்காரருக்கும் இடது கண் முந்தும் என்பதில்லை, எனக்கு முந்துகிறது.

"கையை மாற்றிவிடலாம் மேடம். கண்ணை என்ன செய்வீங்க?" என்று சிரித்தார்.

பிறகு புது ரைபிள் வந்தது. பழையதைக் கண்ணாடியில் பார்த்தாற்போல் இருந்தது. கைப்பிடி இடது பக்கம். கூடு தெறிக்கும் வாயும் இடது பக்கம். காதுக்கு அடைப்பு மாட்டிக்கொண்டு, பாயில் குப்புறப் படுத்து, மணல் மூட்டையில் துப்பாக்கியைத் தாங்கவைத்தேன். 50 மீட்டர் தொலைவில் இலக்கு. அதன் நடுவட்டத்தின் குறுக்களவு 10.4 மில்லிமீட்டர், நெற்றிப் பொட்டளவுதான்! 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் நம் ஸ்வப்னில் குசாலே வெண்கலம் வென்றது இந்த 50 மீட்டர் ரைபிளில்தான்.

மூச்சைப் பாதி விட்டு, நிறுத்தி, விசையை அழுத்தினேன். 'டப்'பென்று சத்தம். கன்னம் கட்டையை விட்டு அசையவில்லை. இடது கை தானாகத் தாழ்ப்பாளைத் தூக்கிற்று, இழுத்தது, தள்ளிற்று, மடக்கிற்று.

முந்தைய காகிதத்தில் ஐந்து துளைகளும் கோலப்புள்ளி போலச் சிதறியிருந்தன. இந்தக் காகிதத்தில் ஐந்தும் ஓர் இட்லிக்குள் அடங்கின. நடுப்பொட்டில் ஒன்றுகூட இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். "இரண்டாவது தடவை யாருக்கும் கொஞ்சம் நல்லாத்தான் வரும்" என்று பயிற்சியாளர் என் தலைக்கனத்தை இறக்கிவைத்தார்.

ஹங்கேரி நாட்டு ராணுவ வீரர் கரோலி டகாச் என்பவரின் கதையையும் அவர் சொன்னார். 1938-ல் பயிற்சியின்போது கையெறிகுண்டு வெடித்து டகாச்சின் வலது கை சிதைந்தது. இடது கையால் சுடப் பழகி, 1948-ல் லண்டனிலும் 1952-ல் ஹெல்சிங்கியிலும் கைத்துப்பாக்கிப் போட்டியில் ஒலிம்பிக் தங்கம் வாங்கினார். அவ்வளவு தூரம் போவானேன்? நம் அர்ஜுனனுக்கே சவ்யசாசி என்று ஒரு பெயர் உண்டு. இடது கையாலும் அம்பு எய்பவன் என்று பொருள். கீதையில் கண்ணன் அவனை அப்படித்தான் அழைக்கிறான். காஞ்சியைச் சுற்றியுள்ள கிராமங்களில் திரௌபதியம்மன் கோயில்களில் விடிய விடியப் பாரதக்கூத்துப் பார்க்கிறோம். அர்ஜுனனின் இடது கையை மட்டும் யாரும் குற்றம் சொல்வதில்லை.

இதையெல்லாம் வீட்டில் சொல்வதற்கு எனக்கு ஒரு காரணம் இருந்தது. அண்ணன் மகளுக்கு மூன்று வயது. வரும் விஜயதசமியன்று அரிசியில் அவளுக்கு முதல் எழுத்து. குழந்தை சாக்பீஸை இடது கையில் எடுக்கும்போதெல்லாம், அம்மா ஒன்றும் சொல்லாமல் அதை வலது கைக்கு மாற்றிவிடுவாள். திட்டுவதில்லை, அடிப்பதில்லை. என் கையையும் அப்படித்தான் மாற்றினாள்.

"அரிசியிலாவது வலது கையால் எழுதட்டுமேம்மா. நல்ல நாளாச்சே" என்றாள்.

அம்மா பிள்ளையார்பாளையத்து நெசவாளர் வீட்டுப் பெண். கோர்வைப் பட்டுக்கு மூன்று நாடா; தறியில் இரண்டு பேர். வலப்பக்கம் தாத்தா உட்கார்ந்து நெய்ய, இடப்பக்கக் கரைக்கான நாடாவை வீசியது சின்னப் பெண்ணாயிருந்த அம்மா. உடலும் கரையும் வேறு வேறு நிறம். இழைக்கு இழை கோத்துக்கொண்டு வர வேண்டும்.

"உன்னை ஏம்மா இடப்பக்கம் உட்காரவைத்தார்கள்? அது மட்டமான பக்கமா?" என்று கேட்டேன்.

"நல்லாயிருக்கு! இடப்பக்கத்துக்காரி தூங்கிட்டா அப்புறம் புடவை ஏது?" என்றாள் அம்மா, சட்டென்று.

சொன்ன பிறகு சற்று நேரம் பேசவில்லை. குழந்தை கை தவறிக் கீழே போட்ட சாக்பீஸ் அம்மாவின் காலடியில் உருண்டு வந்தது. குனிந்து எடுத்தாள்.

"தட்டை நடுவில் வைப்போம். எந்தக் கையை நீட்டுகிறாளோ, நீட்டட்டும்" என்று சொல்லி, குழந்தையின் இடது கையிலேயே அதைக் கொடுத்தாள்.