தன் என்பைத் தானே கண்டவன்

யாழ்ப்பாணப் பட்டினத்தினின்றும் பண்ணைக் கடலைக் கடந்து மேற்கே செல்லும் வீதி, அல்லைப்பிட்டி, வேலணை, புங்குடுதீவு ஆகிய ஊர்களினூடாகச் சென்று குறிகட்டுவான் இறங்குதுறையில் முடிவடைகின்றது. அதற்கப்பால் வள்ளமே வழி. போயா தினமாயின் அதில் இடங்கிடைப்பது எளிதன்று. தென்னிலங்கையிலிருந்து வெள்ளுடை தரித்து வரும் சிங்கள யாத்திரிகரும், நாகபூஷணி அம்மனுக்கு நேர்த்திக்கடன் செலுத்தச் செல்லும் நம்மவரும் ஒரே பலகையில் நெருங்கி அமர்ந்திருப்பர். சிறிது நேரத்தில் நயினாதீவு வந்துவிடும். கரையிலே அம்மன் கோயில். அங்கிருந்து நடந்து செல்லக்கூடிய தூரத்தில் நாக விகாரை. இரண்டிடத்தும் கும்பிட்டுத் திரும்புவோர் பலர்.

மணியாசனம் ஒன்றுக்காகப் போர் தொடுத்த மகோதரன், சூளோதரன் என்னும் நாக அரசர் இருவரைப் புத்தபெருமான் இங்கு வந்து சமாதானப்படுத்தினார் என்பது மகாவம்சம் கூறும் வரலாறு. நம் மணிமேகலைக் காப்பியமும் இதே போன்றதொரு பூசலைச் சொல்லி, அப்பீடிகை மணிபல்லவத் தீவில் இருந்தது என்கின்றது. மணிபல்லவம் நயினாதீவே என்பார் பலர், மறுப்பாரும் உளர். அந்த வழக்கை இங்கே தீர்க்க நாம் முற்படவில்லை. அக்காப்பியத்தில் மணிபல்லவத்து மணலிலே நிகழும் ஒரு காட்சியே நம்மை இத்தீவுக்கு இழுத்து வந்தது.

மதுரையில் சிந்தாதேவியிடம் அமுதசுரபி பெற்றுப் பசித்தோர்க்கெல்லாம் சோறிட்டவன் ஆபுத்திரன். பாண்டிநாட்டில் மழை பொழிந்து வளம் பெருகவே, அவனிடம் உண்ண வருவார் இல்லாது போயினர். சாவக நாட்டில் பஞ்சம் என்று கேட்டு அவன் கப்பலேறினான். இடைவழியில் காற்று மிகுந்தபடியால் கப்பல் மணிபல்லவத்தில் ஒருநாள் தங்கிற்று. அவன் கரையில் இறங்கினான். அவன் ஏறிவிட்டான் என்றெண்ணிய மாலுமிகள் இரவிலேயே பாயை விரித்துச் சென்றுவிட்டனர். ஆளில்லாத் தீவு, கையிலே வற்றாத பாத்திரம், உண்ணுவதற்கோ வேறொருவரும் இல்லை! தான் ஒருவன் மட்டும் உண்டு உயிர் வாழ அவன் மனம் ஒப்பவில்லை. ஆண்டுக்கொரு முறை தோன்றி அருளுடையார் கையில் சேர்க எனக் கூறிப் பாத்திரத்தைக் கோமுகிப் பொய்கையில் விட்டு, உண்ணாதிருந்து உயிர் துறந்தான்.

அவனே சாவகத்தில் புண்ணியராசனாகப் பிறந்து அரசாண்டான். பின்னர் மணிமேகலையுடன் மணிபல்லவத்துக்கு வந்தபோது, பீடிகையைத் தொழுது தன் பழம்பிறப்பை உணர்ந்தான். தீவதிலகை என்னும் காவற்றெய்வம் புன்னை நிழலில் மணல் மூடிக் கிடந்த எலும்புகளைக் காட்டி, இவை உன்னுடையவை என்றாள். அருகிலே வேறு எலும்புகளும் கிடந்தன. அவனை மறந்து சென்றதை எண்ணி வருந்தித் திரும்பி வந்து, அவன் இறந்தமை கண்டு தாமும் உயிர்விட்ட ஒன்பது செட்டிகளின் உடலென்புகள் அவை. அரசன் மணலைத் தோண்டித் தன் பழைய உடம்பைப் பார்த்தான். உலக இலக்கியத்தில் இதற்கு ஒப்பான காட்சிகள் மிகச் சிலவே இருக்கக்கூடும் என்பது நமது எண்ணம்.

அரசனுக்கு மணிமேகலை சொன்ன புத்திமதியும் நோக்கத்தக்கது. அரசைத் துறந்து தவம் செய் என்று அவள் சொல்லவில்லை. நாட்டுக்குத் திரும்பி மக்களுக்கு உணவும் உடையும் உறைவிடமும் கொடு என்றே கூறி அனுப்பினாள்.

மரணத்துக்கு ஆயத்தமாவது எவ்வாறு என்பதைப் பௌத்தர் பல நூற்றாண்டுகளாக ஆராய்ந்துள்ளனர். அநுராதபுரத்து மகாவிகாரையில் தங்கிய புத்தகோசர் 5ஆம் நூற்றாண்டில் எழுதிய விசுத்திமார்க்கம், 'மரணானுஸ்மிருதி' என்னும் தியானத்தை விரித்துரைக்கின்றது. தேர்ச்சில்லு உருளும்போது நிலத்தைத் தொடுவது ஒரேயொரு புள்ளியில்தான். அவ்வாறே உயிர் வாழ்வது ஒரு மனக்கணம் மட்டுமே என்பது அந்நூல் தரும் உவமை. மரணத்தை எவ்வாறு நினைக்கிறீர்கள் எனப் புத்தர் ஒருமுறை பிக்குகளை வினவினாராம். ஒருநாள் வாழ்ந்தாற் போதும் என நினைப்பேன் என்றார் ஒருவர். ஒரு வேளை உணவு கொள்ளும் நேரம் என்றார் மற்றொருவர். ஒரு கவளத்தை மென்று விழுங்கும் நேரம் என்றவரையும், ஒரு மூச்சு உள்ளே சென்று வெளிவரும் நேரம் என்றவரையுமே அவர் விழிப்புள்ளோர் என ஏற்றுக்கொண்டார்.

இறுதி நினைவு எவ்வாறோ அவ்வாறே மறுபிறப்பு என்பது தேரவாதிகளின் கொள்கை. பட்டியின் கதவைத் திறந்தால், வலிமை குன்றிய கிழட்டு மாடாயினும் வாசலண்டை நிற்பதே முதலில் வெளியேறும். இறக்கும் தறுவாயில் நினைவுக்கு வரும் வினையும் அத்தகையதே என்பர் உரையாசிரியர். திபெத்தியரோ இறப்புக்கும் பிறப்புக்கும் இடையே 49 நாள் வரை நீளக்கூடிய ஓர் இடைநிலை உண்டெனக் கருதி, இறந்தவரின் அருகிருந்து நூல் வாசிப்பர். தேரவாதத்தில் அந்த இடைவெளி இல்லை. கடைசிக் கணம் அற்றவுடனே அடுத்த பிறவியின் முதற்கணம்.

ஆகவே மரணப் படுக்கையில் நல்லவற்றை நினைவூட்டுதல் ஒரு கடமையாயிற்று. எல்லாளனை வென்றவன் என நாம் வேறு முகத்தால் அறிந்த துட்டகைமுனுவின் முடிவை மகாவம்சம் உருக்கமாக வருணிக்கின்றது. மகாதூபியின் வேலை முற்றுப்பெறவில்லை. தமையன் கண்மூடுமுன் அது நிறைவுற்றதாகத் தோன்றவேண்டுமென்று தம்பி சத்தாதிஸ்ஸன் வெண்துணியால் அதைப் போர்த்துவித்தான். புண்ணியப் புத்தகம் கொணரப்பட்டு, கட்டிய விகாரைகளும் வழங்கிய தானங்களும் வரிசையாக வாசிக்கப்பட்டன. அவற்றுள் இரண்டே தன் மனத்தை மகிழ்விக்கின்றன என்றான் மன்னன். இரண்டும் அவன் இடருற்றிருந்த காலத்தில் தேரர்களுக்கு அளித்த உணவு. முதலாவது, பஞ்ச காலத்தில் தன் காதணிகளைக் கொடுத்து வாங்கிய புளித்த தினைக்கூழ். மற்றையது, போரில் தோற்றுக் காட்டுக்கு ஓடியபோது தன் பங்கிலிருந்து கொடுத்த சோறு. ஆபுத்திரன் கதையும் இவ்வரசன் கதையும் ஒரே கவளத்தில் வந்து சந்திப்பதை வாசகர்கள் கவனிப்பார்களாக.

சிங்கள வீடுகளில் இறந்தவருக்காகப் பிக்குகளுக்கு வெண்துணி அளிப்பர். உறவினர் கூடி, ஒரு பாத்திரத்திலிருந்து கிண்ணத்தில் அது நிரம்பி வழியும்வரை நீர் வார்த்து, புண்ணியத்தை இறந்தவருக்கு ஈவர். பின்னர் 7ஆம் நாளிலும் மூன்றாம் மாதத்திலும் தானம் உண்டு. நம்மவரின் எட்டுச் செலவையும், 31ஆம் நாள் அந்தியேட்டியையும், கீரிமலைக் கடலையும் இவற்றோடு ஒப்பிட்டுப் பார்க்காமல் இருக்க இயலவில்லை. இறந்த பின் செய்யவேண்டியவற்றில் இரு சாராரும் குறை வைப்பதில்லை.

இறக்குமுன் செய்யவேண்டியதில்தான் நாம் தடுமாறுகின்றோம். சிவபுராணம் படிப்பது நல்ல வழக்கமே. ஆனால் நோயாளி தம் முடிவை அறிந்து ஏதேனும் கேட்க வாயெடுத்தால், "உங்களுக்கு ஒன்றுமில்லை, சும்மா படுங்கோ" என்று அடக்கிவிடுகின்றோம். அவர் மனத்தை அரிக்கும் கவலை அவரோடே போய்விடுகின்றது.

நகுலமாதா என்ற இல்லத்தரசி அவ்வாறு செய்யவில்லை. கணவர் கடும் நோயுற்றுக் கிடந்தபோது அவள் அருகிலிருந்து கூறியதை அங்குத்தர நிகாயம் பதிவுசெய்துள்ளது. கவலையோடு இறப்பது துன்பம். ஆதலால் கவலையோடு இறவாதீர்கள் என்றாள். பிள்ளைகளை எவ்வாறு காப்பாற்றுவாள் என்று நினைக்கிறீர்களோ? எனக்குப் பருத்தி நூற்கவும் கம்பளி பன்னவும் தெரியும், குடும்பத்தை நடத்துவேன். வேறொருவரை மணந்துகொள்வேன் என்று எண்ணுகிறீர்களோ? அதுவும் இல்லை. இவ்வாறு அவர் வாய் திறந்து சொல்லாத ஐயங்களை ஒவ்வொன்றாக அவளே எடுத்து விடையளித்தாள். கேட்டுக்கொண்டிருந்த நகுலபிதாவின் நோய் தணிந்தது. எழுந்து நடக்க முடிந்ததும் அவர் தடியூன்றிப் புத்தரைக் காணச் சென்றார். இத்தகைய மனைவியைப் பெற்றது உமக்குப் பெரும் பேறு என்றார் புத்தர்.