கண்ணாடிக்கும் வயசாகும்!

இங்கிலாந்தில் ஜேம்ஸ் ஜூல் என்று ஒருவர். பீர் ஆலைக் குடும்பம். வெப்பத்தை அளப்பதில் கில்லாடி. 1844ல் தன் வெப்பமானியில் உறைநிலைப் புள்ளியைக் குறித்து வைத்தார். 1882 வரை அவ்வப்போது சரிபார்த்தார். புள்ளி மேலே ஏறிக்கொண்டே இருந்தது! முதலில் வேகமாக, போகப்போக மெதுவாக. 38 வருஷத்தில் ஏறக்குறைய ஒரு ஃபாரன்ஹீட் டிகிரி.

என்ன காரணம்? கண்ணாடிக் குமிழ் சுருங்கி, பாதரசத்தை மேலே தள்ளியிருக்கிறது. உருகிய கண்ணாடி ஆறும்போது பாகு மாதிரி இறுகுகிறது. அணுக்கள் சரியான இடம் பிடிப்பதற்குள் மாட்டிக்கொள்கின்றன. பிறகும் சும்மா இருப்பதில்லை. மெல்ல நகர்ந்து நெருங்குகின்றன. நெருங்க நெருங்க, நகர்வதே கஷ்டமாகிறது.

ஒரு டிகிரிதானே? டிகிரியின் சிறு பின்னங்களை வைத்துத்தான் வேலை வெப்பமாக மாறும் என்று ஜூல் நிரூபித்தார். அந்த அளவுகோலே நகர்ந்தது. அவர் அதைத் தூக்கிப் போடவில்லை. அந்த நகர்வையும் அளந்தார்.