கோணல் கோடுகள்

"கோடு போட வராதவனுக்கு ஓவிய வகுப்பு எதற்கு?" என்று கேட்டார் ஓர் ஆசிரியர். அவர் யார் தெரியுமா தோழர்களே? நானேதான்!

மூளை முடக்குவாதம் உற்ற 14 வயது மாணவன் அவன். விரல்கள் தூரிகையைப் பற்றா. ஓரத்தில் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கட்டும் என்று ஒதுக்கினேன். ஊரார் அதனை விதி என்றனர். பட்டம் பெற்ற நான் வேறு பெயரிட்டேன், அவ்வளவே.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைக் கூறுகிறது; கலையிலும் அவர்க்குப் பங்குண்டு என்கிறது. படித்தேன், நாணினேன்.

தூரிகைக் காம்பில் துணி சுற்றிப் பருமனாக்கினேன். தாள் நகராதபடி மேசையில் ஒட்டினேன். செலவு? ஒரு கந்தைத் துணி!

அவன் தீட்டினான். கோடுகள் கோணல்; வண்ணங்களோ கொள்ளை அழகு. விதி எங்கே போயிற்று? காம்பு மெலிந்திருந்தது, என் கருத்தும் மெலிந்திருந்தது!