ஊருக்குச் சொல்லாத பருவம்

எங்கள் யாழ்ப்பாணத்து ஊர்களில் ஒரு பெண்பிள்ளை பருவமடைந்துவிட்டால் அச்செய்தி ஒழுங்கை முழுவதும் பரவ அரை நாழிகை போதும். தாய்மாமன் வீட்டுக்கு ஆள் போகும். உழுத்தங்களி கிண்டுவார்கள், நல்லெண்ணெய் பருக்குவார்கள், நல்ல நாள் பார்த்துத் தண்ணீர் வார்த்து ஆராத்தி எடுப்பார்கள். என்ன உண்ணவேண்டும், எப்படி நடந்துகொள்ளவேண்டும் என்று சொல்லிக் கொடுக்கப் பேத்தியார் முதல் பக்கத்து வீட்டு மாமி வரை பத்துப் பேர் அவளைச் சூழ்ந்து நிற்பார்கள். அதே பெண் 35, 40 ஆண்டுகள் கழித்து அப்பருவத்தின் மறுகரையை அடையும்போதோ அவளருகில் ஒருவரும் இல்லை. தொடக்கத்துக்கு விழா எடுத்த ஊர் முடிவுக்கு வாய் திறப்பதில்லை.

மாதவிடாய் நிற்கும் காலம் நோயுமன்று, குற்றமுமன்று. முதுமை வரை வாழும் பெண் ஒவ்வொருத்தியும் கடந்தே ஆகவேண்டிய வாசல் அது. ஆயினும் எங்கள் தாய்மார் அதைப்பற்றி எங்களிடம் பேசியதில்லை. அவர்களிடம் அவர்களுடைய தாய்மாரும் பேசியிருக்க மாட்டார்கள். “நின்றுவிட்டது” என்ற ஒற்றைச் சொல்லோடு அந்தப் பேச்சு முடிந்துவிடும். அந்தச் சொல்லுக்குப் பின்னால் எத்தனை இரவுகள் உறக்கமின்றிக் கழிந்தன, எத்தனை முறை காரணமின்றிக் கண்ணீர் வந்தது என்பதெல்லாம் கிணற்றடியோடு போயின.

நாங்கள் ஆறு பேர். வடமராட்சியில் ஒரே ஒழுங்கையில் வாழ்பவர்கள். எங்களுள் ஆசிரியை ஒருவர், தையல் தொழில் செய்பவர் ஒருவர், வெங்காயத் தோட்டம் பார்ப்பவர் ஒருவர், தபாற்கந்தோரில் வேலை செய்பவர் ஒருவர். மற்ற இருவரும் வீட்டையே உலகமாகக் கொண்டவர்கள். சனிக்கிழமை பின்னேரங்களில் ஒரு வீட்டு வேப்பமரத்தின் கீழ்ப் பாய் விரித்து, சார்வோலை வார்ந்து பெட்டியும் கடகமும் இழைப்பது எங்கள் வழக்கம். பல ஆண்டுகளாக அங்கே பேசப்பட்டவை பிள்ளைகளின் பரீட்சை, வெளிநாட்டுக் கடிதம், வெங்காய விலை, கோயிற் கொடியேற்றம் ஆகியவையே.

ஒரு பங்குனி மாதப் பின்னேரம் தையற்கார அக்கா கையிலிருந்த ஓலையைக் கீழே போட்டுவிட்டு முந்தானையால் முகத்தை அழுந்தத் துடைத்தார். “எனக்குள்ளே ஆரோ அடுப்பு மூட்டுறது மாதிரிக் கிடக்குது” என்றார். சிறிது நேரம் ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. பின்னர் தபாற்கந்தோர்த் தங்கச்சி மெல்லக் கேட்டார்: “அக்கா, உங்களுக்குமோ?”

அந்த ஒரு வினாவே எங்கள் வாய்ப்பூட்டைத் திறந்தது. அன்று அந்திபடும் வரை ஓலை ஓலையாகவே கிடந்தது. ஒருவர் நடுச்சாமத்தில் வியர்வையில் நனைந்து எழுந்து சேலை மாற்றுவதாகச் சொன்னார். இன்னொருவர் சோற்றுப்பானையை அடுப்பில் வைத்துவிட்டு அடுத்த அறைக்கு ஏன் வந்தோம் என்று மறந்து நின்றதைச் சொன்னார். ஆசிரியை, தமக்குப் புத்தி பேதலிக்கிறதோ என்று இரண்டு ஆண்டுகளாக உள்ளூர அஞ்சியிருந்தார். தாம்பத்தியம் வலியாக மாறியதையும், அதனைக் கணவரிடம் சொல்ல நாவெழாமல் வேறு சாட்டுகள் தேடியதையும் ஒருவர் தலை குனிந்தபடி சொன்னார். ஆறு பேரும் ஆறு வீடுகளில் ஒரே சுமையை, தனக்கு மட்டுமே நேர்ந்ததென எண்ணிச் சுமந்திருக்கிறோம்.

அச்சம் பாதி அறியாமையால் வருவது. ஆகவே, ஆசிரியை பொறுப்பெடுத்து நூல்களை வாசித்தும் வைத்தியர்களிடம் கேட்டும் அறிந்தவற்றை எங்களுக்குப் பாடமாகவே நடத்தினார். பெண்குழந்தை பிறக்கும்போதே அதன் சூலகங்களில் 10 முதல் 20 இலட்சம் வரையான முட்டைகள் இருக்கின்றன. பருவமடையும் வேளையில் அவை 3, 4 இலட்சமாகக் குறைந்துவிடுகின்றன. வாழ்நாள் முழுவதிலும் முதிர்ந்து வெளிப்படுபவை ஏறக்குறைய 400 முதல் 500 வரையே. அந்தச் சேமிப்புத் தீரும் தறுவாயில் ஈஸ்திரஜன் என்னும் ஓமோன் ஏறியும் இறங்கியும் தளம்பி, ஈற்றில் வெகுவாகக் குறைகிறது. மூளையில் உடற்சூட்டை ஒழுங்குசெய்யும் பகுதி அதனால் தடுமாறி, சிறு வெப்பத்தையும் பெருவெப்பமென எண்ணி வியர்க்கச் செய்கிறது. நித்திரை கெடுவதும் மனம் சலிப்பதும் மறதி வருவதும் இதன் உறவினரே. பன்னிரண்டு மாதங்கள் தொடர்ந்து மாதவிடாய் வராதிருந்தால் அது நின்றுவிட்டதென வைத்தியர்கள் கொள்கிறார்கள். பெரும்பாலோருக்கு இது 45 வயதுக்கும் 55 வயதுக்கும் இடையில் நிகழ்கிறது; 40க்கு முன்னரே நின்றால் வைத்தியரைக் காண்பது அவசியம்.

மருந்து உண்டா என்று கேட்டோம். உண்டு. குறைந்த ஓமோனை மருந்தாகக் கொடுக்கும் முறை பல காலமாக இருந்து வருகிறது. 2002 ஆம் ஆண்டில் அமெரிக்காவில் நடந்த ஒரு பெரும் ஆய்வின் முடிவுகள், அம்மருந்தால் மார்புப் புற்றுநோய் முதலிய ஆபத்துகள் கூடுமென்ற அச்சத்தை உலகெங்கும் எழுப்பின. பலர் அதனைக் கைவிட்டனர். அவ்வாய்வை மீண்டும் ஆராய்ந்தபின், 60 வயதுக்குட்பட்டோ, மாதவிடாய் நின்று பத்து ஆண்டுகளுக்குள்ளோ இருக்கும் ஆரோக்கியமான பெண்களுள் உபாதை மிகுந்தவர்களுக்கு நன்மையே பெரும்பாலும் மேலோங்கும் என்பது இன்றைய வைத்தியர்களின் கருத்து. யாருக்கு ஏற்றது, யாருக்கு ஆகாது என்பதை வைத்தியரே தீர்மானிக்கவேண்டும். அயலவர் உண்ட குளிசையை நாமும் வாங்கி உண்ணலாகாது.

பேச்சு வெறும் ஆறுதலுக்கு மட்டுமன்று என்பதை அடுத்த ஆண்டே கண்டோம். வெங்காயத் தோட்டத்து அக்காவுக்கு நின்று மூன்று ஆண்டுகளாயிருந்தன. ஒருநாள் அவர் நகைத்தபடி, “திரும்பவும் வந்திட்டுது, எனக்கு இளமை திரும்புது போல” என்றார். ஆசிரியை நகைக்கவில்லை. நின்று ஓராண்டு கழிந்தபின் ஒரு துளி உதிரம் கண்டாலும் உடனே வைத்தியரிடம் செல்லவேண்டும் என்பதை அவர் அறிந்திருந்தார். “வெங்காயம் கிண்டி முடியட்டும்” என்று அக்கா சாட்டுச் சொன்னபோது, மற்ற ஐவரும் தோட்டத்தில் இறங்கி இரண்டு நாளில் வெங்காயத்தைக் கிண்டி முடித்து, அவரைக் கூட்டிச் சென்றோம். கருப்பையின் உட்புறத்தில் புற்றுநோய், ஆரம்ப நிலையில். சத்திரசிகிச்சை நடந்தது. நான்கு ஆண்டுகள் கழிந்தும் அவர் எங்களோடு இருந்து ஓலை வார்கிறார். இத்தகைய உதிரமெல்லாம் புற்றுநோய் ஆகிவிடாது. பெரும்பாலும் காரணம் வேறாகவே இருக்கும். எனினும், சோதித்துப் பாராமல் அதனை அறிவது எவ்வாறு?

எமது நாட்டில் 1996 ஆம் ஆண்டு தொடக்கம் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகளின் கீழ்ச் சுகவனிதையர் சிகிச்சை நிலையங்கள் நடைபெறுகின்றன. 35 வயதை எட்டிய பெண்களுக்கு இரத்த அழுத்தம், நீரிழிவு, மார்பகம், கருப்பைக் கழுத்து ஆகியவற்றை அங்கே இலவசமாகச் சோதிக்கிறார்கள். மகளின் தடுப்பூசிக்காக அப்பணிமனைக்கு எத்தனையோ முறை நடந்த நாங்கள், எங்களுக்காக அங்கே போகலாம் என்பதை நினைத்தும் பார்த்ததில்லை. அன்றிலிருந்து ஆறு பேரும் ஒன்றாகவே போகிறோம். ஒருத்தியாகப் போக வெட்கப்படும் இடத்துக்கு ஆறு பேராகப் போனால் அது ஒரு பயணமாகிவிடுகிறது.

உடலைப் பற்றிப் பேசத் தொடங்கிய நாங்கள் எங்களையறியாமலே வேறொன்றையும் பேசலானோம். இதுவரை நாங்கள் சுமந்துவந்த எதிர்பார்ப்புகளே அவை. ஆசிரியை 28 ஆண்டுகளாக விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்தவர். அவருடைய தாயார் அப்படி எழுந்தவர் என்பதே காரணம். இரவில் பிட்டோ இடியப்பமோ சுடச்சுட இருந்தாகவேண்டும் என்பது அவ்வீட்டுச் சட்டம். ஒருநாள் அவர், இனி வாரத்தில் மூன்று நாளே இரவுச் சமையல் என அறிவித்துவிட்டார். கணவர் இரண்டு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. மூன்றாவது வாரம் அவரே திருவலையில் உட்கார்ந்து தேங்காய் திருவினாராம். வீடு இடிந்துவிடவில்லை.

எல்லா எதிர்பார்ப்பும் தேங்காய் திருவுவதுபோல் எளிதில் கைமாறுவன அல்ல. தபாற்கந்தோர்த் தங்கச்சிக்குப் பிள்ளைகள் இல்லை. கொழும்பு வைத்தியர்களையும் கோயில் நேர்த்திகளையும் நம்பிப் பதினெட்டு ஆண்டுகள், மாதம் ஒருமுறை நம்பிக்கை பிறந்து மாதம் ஒருமுறை இறந்தது. நின்றபோது தாம் மூன்று நாள் அழுததாகவும், நாலாம் நாள், “இனி மாதாமாதம் அழத் தேவையில்லை” என்று மனத்தில் பட்டதாகவும் அவர் சொன்னார். அதற்கு நாங்கள் ஆறுதல் எதுவும் சொல்லவில்லை; சொல்ல எங்களிடம் ஒன்றும் இருக்கவில்லை. பக்கத்தில் இருந்தவர் அவர் மடியிலிருந்த பெட்டியை எடுத்து எஞ்சியதைத் தாம் இழைக்கத் தொடங்கினார். நெடுநேரம் அப்படியே இருந்தோம். சில துயரங்களுக்கு அருகில் இருப்பதே உதவி என்பதை அன்று கற்றோம்.

1975 ஆம் ஆண்டில் மார்ஷா ஃபிளின்ற் என்னும் மானிடவியல் ஆய்வாளர் இராஜஸ்தான், இமாச்சலப் பிரதேசம் ஆகிய இடங்களில் வாழும் இராஜபுத்திரப் பெண்களைப் பற்றி எழுதினார். மாதவிடாய் நின்றபின் அவர்களுள் மிகச் சிலரே உபாதைகளைக் கூறினராம். அதுவரை முக்காட்டுக்குள் அடைபட்டிருந்த அவர்களுக்கு அதன்பின் வெளியே வரவும் ஆடவர் அவையில் அமர்ந்து பேசவும் உரிமை கிடைத்ததே காரணமென அவர் கருதினார். இதனை வைத்து, உபாதை யாவும் மனப்பிரமையே என்று சொல்லிவிட முடியாது. எங்கள் வியர்வை மெய்யான வியர்வையே. ஆயினும் ஒரு சமுதாயம் அப்பருவத்துக்கு எத்தகைய இடத்தைக் கொடுக்கிறது என்பதும் உடலின் சுமையைக் கூட்டவோ குறைக்கவோ செய்யும் என எண்ண இடமுண்டு. எங்களுக்கும் ஒரு சிறு விடுதலை கிடைத்திருக்கிறது. திருவிழாக் காலத்தில் துடக்கு வந்துவிடுமோ என்று நாட்காட்டியைப் பார்த்துக் குளிசை போட்ட காலம் முடிந்துவிட்டது. நினைத்த நாளில் கோயிலுக்குப் போகிறோம்.

வீட்டிலுள்ள ஆடவர்க்கும் ஒரு சொல். மனைவி எரிந்து விழுந்தால் அவளுக்கு உங்கள்மேல் வெறுப்பென்று கொள்ளாதீர்கள். முதல்நாள் இரவு அவள் எத்தனை முறை எழுந்தாள் என்று கேளுங்கள். இதனை வாசிக்கும் மாணவ மாணவியரே, உயிரியற் பாடத்தில் ஓமோன்களைப் பற்றிக் கற்கிறீர்கள். கற்றதை உங்கள் அன்னையின் முகத்திலும் கொஞ்சம் வாசியுங்கள். மறதிக்காக அவரைக் கேலி செய்யாமல், மின்விசிறியை அவர் பக்கம் திருப்பிவிடுங்கள்.

சகோதரிகளுக்குச் சொல்வது ஒன்றுதான். உங்கள் ஒழுங்கையிலும் அடுத்த வீட்டில் ஒருத்தி இதே அடுப்பை உள்ளே சுமந்துகொண்டு இருப்பாள். நீங்கள் முதலிற் சொன்னால் அவளும் சொல்வாள். இதற்காக ஊரைக் கூட்டிப் பந்தல் போட்டு ஆராத்தி எடுக்கவேண்டியதில்லை. ஒரு பாயும், இரண்டு மூன்று பேரும், ஒளிவு மறைவில்லாத ஒரு பின்னேரமும் போதும்.