மூணு சுற்று

விடியற்காலை ஐந்து மணிக்கு வாசலில் குரல் கேட்கும். "ஏத்தா, கெளம்பிட்டியா?" எதிர்வீட்டு மதினி. செருப்பை மாட்டிக்கொண்டு இருட்டோடு இருட்டாக மதுரைத் தெப்பக்குளத்துக்கு நடப்போம். ஒரு பக்கம் ஏறக்குறைய 1,000 அடி. மூணு சுற்று. தியாகராசர் கல்லூரிப் பக்கம் டீ ஆற்றும் சத்தம், மைய மண்டபத்து மரங்களில் பறவைகள் எழும் சத்தம், கடைசிச் சுற்றில் வெளுத்துவிட்டால் வறண்ட குளத்துக்குள் பையன்கள் பந்தடிக்கும் சத்தம்.

இப்போது எனக்கு 79. சென்னையில் மகள் வீடு, ஏழாவது மாடி.

கண்ணில் கிளாக்கோமா. வலிக்கவில்லை. வலித்திருந்தால் முன்பே போய்க் காட்டியிருப்பேன். ஓரத்திலிருந்து அரித்துக்கொண்டே வந்தது. எதிரே வரும் முகம் தெரிந்தது, பக்கவாட்டில் வந்த சைக்கிள் தெரியவில்லை. நிலையில் தோள் இடித்தபோதெல்லாம் என் அவசரம் என்றே நினைத்தேன். சொட்டு மருந்து மிச்சத்தைக் காக்கும். போனது போனதுதான்.

ஒருநாள் படி தெரியாமல் விழுந்தேன். எலும்பு முறியவில்லை. "இனிமே தனியாப் போகாதம்மா" என்றாள் மகள். அன்றோடு நடை நின்றது.

கண்ணைப் பற்றித்தான் எல்லாரும் விசாரிக்கிறார்கள். காலைப் பற்றி யாரும் கேட்பதில்லை. நடக்காத தொடை வற்றிப்போகிறது, வற்றிய தொடை நடக்க விடுவதில்லை, சர்க்கரை ஏறுகிறது, மலம் இறுகுகிறது, பசி என்று ஒன்று இருந்ததே மறந்துவிட்டது. பாதம் சர்க்கரையால் எப்போதோ மரத்துப்போயிற்று. அதன்பிறகு நான் சாயாமல் நிற்கக் கண்தான் முட்டுக்கொடுத்திருக்கிறது. வெளிச்சம் எட்டாத கண்ணோடு தூக்கமும் தடம் மாறிவிட்டது. பகலெல்லாம் அசத்துகிறது, இரவு இரண்டு மணிக்கு முழிப்பு வந்துவிடுகிறது. நீங்களும் அந்நேரம் விழித்துக் கிடப்பவராக இருந்தால், அந்த இரவின் நீளம் உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

இங்கே குறை சொல்ல ஒன்றுமில்லை. குளியலறையில் பிடித்துக்கொள்ளக் கம்பி. நேரம் சொல்லும் போன். கைபிடித்துக் கூட்டிப்போக ஒரு பெண். வராந்தாவின் இந்த முனைக்கும் அந்த முனைக்குமாக அவள் பொறுமையாகத்தான் நடத்துகிறாள். ஆனால் வேகமாகப் போய், நினைத்த இடத்தில் நின்று, யார் கையும் மேலே படாமல்...

மதினி போய்ச் சேர்ந்துவிட்டார். குளத்தில் இப்போது வைகைத் தண்ணீர் நிற்கிறதாம். பார்க்க முடியாவிட்டால் போகிறது. அந்தச் சுற்றுச்சுவரில் கைவைத்துக்கொண்டு ஒரே ஒரு சுற்று.

மணி ஐந்து என்கிறது போன். கட்டிலிலிருந்து காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். அந்தப் பெண் எட்டு மணிக்குத்தான் வருவாள்.