மேல் படையில் நடக்கிற சண்டை

தொல்லியல் படிக்கப் போறம் என்று வீட்டில் சொன்னால், "இனி ஆற்ற காணிக்குள்ள போர்ட் நடப் போறியள்?" என்று கேட்கிறார்கள். பகிடிதான். ஆனால் வடக்கு, கிழக்கில் பிறந்த எங்களுக்கு அதற்குள் இருக்கிற பயம் விளங்கும். இங்கே மண்ணைக் கிண்டுவதே 'முதல் வந்தது ஆர்' என்ற வழக்குக்குச் சாட்சி தேடுவதாகிவிட்டது.

அதனால்தான் பாஹியன் குகையைப் பற்றி வாசித்தபோது எங்களுக்குள் பெரிய விவாதமே நடந்தது. களுத்துறை மாவட்டத்தில், புளத்சிங்களவுக்குக் கிட்ட இருக்கிற குகை. சிரான் தெரணியகல 1968இல் அங்கே அகழ்ந்தார்; 1980களில் விஜேபால தொடர்ந்தார்.

குகையில் கண்டபடி தோண்டுவதில்லை. மண்ணின் நிறம், இறுக்கம், சாம்பல் எல்லாம் பார்த்துப் படை படையாகச் சுரண்டி, எடுத்த மண்ணை அரித்துப் பார்க்கிறார்கள். பிற்காலத்துக் குழியொன்று கீழ்ப்படைக்குள் இறங்கியிருந்தால் அதையும் பிரித்தறிய வேண்டும். இல்லாவிட்டால் பிந்திய பொருளுக்கு முந்திய வயது வந்துவிடும். வெட்டிய படையைத் திரும்ப வைக்கேலாது. பிறகு மிஞ்சுவது எடுத்த பொருட்களும் எழுதிய குறிப்பும்தான்.

அங்கே மனிதர் இருந்த காலம் ஏறத்தாழ 48,000 ஆண்டுகள் பின்னுக்குப் போகிறது. குரங்கு, மலையணில் எலும்புகள்தான் அதிகம். குரங்கு எலும்பில் செதுக்கிய கூர்முனைகளை அம்புமுனைகள் என்று 2020இல் ஆய்வாளர்கள் விளக்கினார்கள். ஆபிரிக்காவுக்கு வெளியே வில்லும் அம்பும் இருந்ததற்கான மிகப் பழைய சான்றுகளில் ஒன்று இது. கடல் நத்தை ஓட்டில் செய்த மணிகளும் உண்டு. மழைக்காட்டில் இருந்தவர்களுக்குக் கரையோடு தொடர்பு இருந்திருக்கிறது.

குகையின் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் சீனப் பிக்கு பாஹியன் இலங்கைக்கு வந்தது 5ஆம் நூற்றாண்டில். அப்படிப் பார்த்தால் எங்கட சண்டை முழுக்க மேலே கிடக்கிற மெல்லிய படை ஒன்றுக்குள் அடங்கிவிடும்.

"அப்ப காணி போனவைக்கு இதைச் சொல்லி ஆறுதல் சொல்லலாமோ?" என்று எங்களில் ஒருத்தி கேட்டாள். ஏலாது. நேற்றுவரை விதைத்த வயலுக்குள் போக முடியாதவரிடம் 48,000 வருசக் கதை சொல்வது அநியாயம்.

ஆனால் அந்தக் கதை இன்னொன்றையும் காட்டுகிறது. அம்புமுனை செதுக்கியவர் என்ன மொழி பேசினார் என்று எந்தப் படையும் சொல்லப் போவதில்லை. பழமைதான் உரிமை என்றால் எங்கள் எவருக்கும் இங்கே காணியில்லை. இருக்கிற சனம் இருக்கிற இடத்தில் வாழ 2,000 வருசச் சாட்சி எதற்கு? அகழ்வுக் குறிப்புகள் எங்கட மொழியிலும் வரட்டும். பயமில்லாமல் வாசிப்பம்.